அரண்மனைத் தெலுங்கு... அடுப்படித் தெலுங்கு!

மதுரை திருமலை நாயக்கர் மகாலுக்குள் ஒரு தடவையாவது நீங்கள் நுழைந்திருப்பீர்கள். கட்டிப்பிடித்தால் கைக்குள் அடங்காத தூண்கள்... அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் விதானம்... எல்லாம் ஞாபகம் இருக்கும். இப்போது ஒரு சின்னக் கேள்வி. தர்பார் முடிந்து, கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு ராஜா சாப்பிட உட்கார்ந்தாரே, அப்போது வீட்டில் என்ன மொழியில் பேசியிருப்பார்?

தெலுங்கில்தாங்க!

1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்டவர். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை வெட்டியவர். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்குக் கொண்டுவந்து, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்துவைத்தவர் என்று மதுரை ஜனங்கள் இன்றும் சொல்கிற மனிதர். அவருக்குத் தாய்மொழி தெலுங்கு. அவர் வம்சத்து அரசவையில் தெலுங்குப் புலவர்களுக்கு நல்ல மரியாதை இருந்தது. பின்னால் வந்த விஜயரங்க சொக்கநாதர் காலத்தில் தெலுங்கு உரைநடை இலக்கியமே மதுரை மண்ணில் வளர்ந்தது.

அப்புறம்? 1730-களில் ராணி மீனாட்சி, சந்தா சாகிப்பை நம்பி ஏமாந்து உயிரை விட்டார். நாயக்கர் ஆட்சி முடிந்தது. அதோடு அந்த அரண்மனைத் தெலுங்கும் அடங்கிவிட்டது. மகால் நிற்கிறது, புதுமண்டபம் நிற்கிறது, தெப்பக்குளம் நிற்கிறது. அந்தத் தர்பார் பேச்சை மட்டும் மதுரையில் எங்கே தேடினாலும் காணோம்.

சரி, இப்போது மதுரையிலிருந்து தென்மேற்கே பஸ் ஏறுங்கள். திருமங்கலம், தே.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர்... சுமார் 85 கிலோமீட்டர் தாண்டினால் ராஜபாளையம். ஒரு பழைய வீட்டுத் திண்ணையில், பேரனை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி கேட்பார்: 'புவ்வ தின்னாவா?'

சாப்பிட்டாயா என்று அர்த்தம். சுத்தமான தெலுங்கு!

யானை, குதிரை, கஜானா, கவிஞர்கள் என்று சகல பரிவாரத்தோடு இருந்த மொழி, ஆட்சி கவிழ்ந்ததும் காணாமல் போனது. எழுத்து கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது, ஒரு சர்க்கார் உத்தரவு கிடையாது... அப்படிப்பட்ட அடுப்படி மொழி நானூறு, ஐந்நூறு வருஷமாக உயிரோடு இருக்கிறது. எப்படி? அதுதான் இந்த வாரக் கதை.

* * *

முதலில், இவர்கள் ஏன் இங்கே வந்தார்கள்?

14-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் மதுரைக்குப் படையெடுத்து வந்தார். மதுரை சுல்தான்களின் ஆட்சி முடிவுக்கு வந்தது. 1529 வாக்கில் விசுவநாத நாயக்கர் மதுரையில் ஆட்சியைத் தொடங்கினார். அவரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்த கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பாளையம் என்றால் படை தங்கும் இடம். போர் வந்தால் ஆள் அனுப்ப வேண்டும், மற்ற நாளில் மண்ணை ஆள வேண்டும். அதுதான் ஏற்பாடு.

படையோடு வந்தவர்கள் எல்லோரும் காலம் பூராவும் வாளைத் தூக்கிக்கொண்டு அலைய முடியுமா? படைக்குப் பின்னாலேயே குடும்பங்கள் வந்தன. மாடுகள் வந்தன. விதைகள் வந்தன. வைகைக் கரையிலும் தாமிரபரணிக் கரையிலும் நல்ல நஞ்சை நிலமெல்லாம் ஏற்கெனவே ஆள் இருக்கிற நிலம். ரெண்டுக்கும் நடுவே பரந்து கிடந்தது கரிசல். மழையை மட்டும் நம்பியிருக்கிற கறுப்பு மண். வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். மழையில் காலை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஆற்றுப் பாசனத்தில் பழகியவர்களுக்கு அது முரட்டு மண். ஆந்திரத்து வறண்ட சீமைகளிலிருந்து வந்தவர்களுக்கோ அது பழகிய மண்! கம்பு, சோளம், பருத்தி... எல்லாம் அவர்கள் கை அறிந்த பயிர்.

அதனால்தான் மதுரைக்குத் தெற்கேயும் மேற்கேயும் இத்தனை தெலுங்கு ஊர்கள். போடிநாயக்கனூர், எரசக்கநாயக்கனூர் என்று ஊர்ப் பெயரிலேயே நாயக்கர் உட்கார்ந்திருக்கிறார். வடுகபட்டி என்று ஒரு பெயரைக் கேட்டால், 'வடுகர்' என்பது தெலுங்கர்களுக்குத் தமிழில் இருந்த பழைய பெயர் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கம்மவார், ரெட்டியார், ராஜகம்பளத்தார், ராஜுக்கள், அருந்ததியர் என்று பல சமூகங்களின் வீட்டு மொழி இது. 1959-ல் வந்த படத்தில் சிவாஜி கணேசன் சிங்கம் மாதிரி கர்ஜித்தாரே, அந்த வீரபாண்டிய கட்டபொம்மன் வீட்டிலும் தெலுங்குதான்!

* * *

ராஜபாளையத்துக்கு வருவோம்.

மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. ஊருக்குப் பக்கத்தில் சஞ்சீவி மலை. அய்யனார் கோயில் அருவிப் பக்கமிருந்து முடங்கியாறு இறங்கி வருகிறது. மலை மழை கண்மாய்களை நிரப்பும். கண்மாய்க்குக் கீழே நெல்லும் கரும்பும், மேட்டில் பருத்தி, மலையை ஒட்டி மா, தென்னை. சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று இங்கத்து மாம்பழங்களுக்குத் தனி ருசி. சித்திரை, வைகாசியில் சந்தைப் பக்கம் போனால் தெருவே மணக்கும்.

இந்த ஊரில் தமிழ் பேசுகிற பல சமூகத்தாரும் காலங்காலமாக இருக்கிறார்கள். ஆனால், ஊருக்குப் பெயர் தந்தவர்கள் தெலுங்கு பேசும் ராஜுக்கள். ஆந்திராவில் 'ராஜு' என்று முடிகிற பெயர், இங்கே வந்து 'ராஜா' ஆகிவிட்டது. சிங்கராஜாகோட்டை, சக்கராஜாகோட்டை என்று ஊருக்குள் இருக்கிற பகுதிகளின் பெயரைக் கவனியுங்கள். வந்தவர்கள் சொந்தபந்தமாகச் சேர்ந்து, தெருத் தெருவாக, வீட்டோடு வீடு ஒட்டி உட்கார்ந்தார்கள் என்பதை அந்தப் பெயர்களே சொல்லிவிடும்.

இவர்கள் கூடவே ஒரு நாயும் பேர் வாங்கியது! பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, ஒல்லியான இடுப்பு. தோட்டத்தைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கவும், வேட்டைக்கும் வளர்த்த ராஜபாளையம் நாய். 2005-ல் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, நாலு இனத்தில் ஒன்றாக இதுவும் இடம்பிடித்தது.

இந்த விவசாய வீடுகளில் மொழி எப்படி வேலை செய்தது என்று பார்த்தால்தான் நம் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

விடிவதற்கு முன்பே கிணற்றில் கமலை கட்டியாக வேண்டும். மாட்டுக்கு இவர்கள் சொல்வது 'எத்து', பசுவுக்கு 'ஆவு', ஏருக்கு 'நாகலி', மழைக்கு 'வான', நிலத்துக்கு 'சேனு'. சோளம் 'ஜொன்ன', கம்பு 'சஜ்ஜ'. இதெல்லாம் புஸ்தகத்தில் படித்துக் கற்ற சொற்கள் இல்லை. அப்பா மாட்டை விரட்டும்போது பையன் காதில் விழுந்த சொற்கள். பருத்தி எடுக்கும்போது அம்மா பேசப் பேசப் பொண்ணு பிடித்துக்கொண்ட சொற்கள். வேலை தெரிய வேண்டும் என்றால் அந்தச் சொல் தெரிந்தாக வேண்டும். சொல் தெரிந்தால் மொழி தெரியும். அவ்வளவுதான் பாடத்திட்டம்!

வீட்டுக்குள்ளே அதிகாரம் முழுக்கப் பெண்கள் கையில். பாட்டி 'அவ்வ', தாத்தா 'தாத்த', அப்பா 'நாயன'. தாலாட்டு, திட்டு, கொஞ்சல், பழமொழி, சாமிக்கு நேர்ந்துகொள்வது... எல்லாம் தெலுங்கில். கல்யாணமாகி வருகிற மருமகளும் அதே மொழிக்காரி. ஆக, அடுப்படியில் மொழி மாற வேண்டிய அவசியமே வரவில்லை.

வாசலைத் தாண்டினால்? தமிழ்! சந்தையில் தமிழ், கோயிலில் தமிழ், பத்திரப்பதிவில் தமிழ், கல்யாணப் பத்திரிகையிலும் தமிழ். கணக்குப் புத்தகத்தில் வரவு செலவு தமிழில் எழுதுவார்கள். வாய் மட்டும் தெலுங்கில் கூட்டிக்கொண்டிருக்கும்! இங்கே தெலுங்கு எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. அது அவர்களுக்கு ஒரு குறையாகத் தோன்றியதும் இல்லை.

ரெண்டு மொழியும் ஒரே குடும்பம் என்பதும் ஒரு வசதி. நமக்கு ஊர், அவர்களுக்கு ஊரு. நமக்குப் பால், அவர்களுக்குப் பாலு. நாம் கவிதையில் மட்டும் 'இல்' என்கிறோம், அவர்கள் தினமும் வீட்டை 'இல்லு' என்கிறார்கள். பேச்சில் நாமும் 'ரெண்டு', அவர்களும் 'ரெண்டு'! பெரியம்மா வீட்டுக்கும் சின்னம்மா வீட்டுக்கும் போய் வருகிற மாதிரி குழந்தைகள் ரெண்டு மொழிக்குள்ளும் போய் வந்தார்கள்.

பெயருக்கு முன்னால் இருக்கிற இன்ஷியலைக்கூட விட்டுவிடாதீர்கள். தெலுங்குக் குடும்பங்களில் 'இண்ட்டி பேரு' என்று ஒன்று உண்டு. வீட்டுப் பெயர். பொண்ணு கொடுக்க, எடுக்க முதலில் விசாரிப்பது அதைத்தான். இந்த ஊர்க்காரரான முன்னாள் முதல்வர் பி.எஸ்.குமாரசாமி ராஜாவின் முழுப்பெயர் பூசபாடி சஞ்சீவி குமாரசாமி ராஜா. வட ஆந்திராவில், ஒடிசா எல்லையை ஒட்டி இருக்கிற விஜயநகரம் சமஸ்தானத்து ராஜ குடும்பத்தின் வீட்டுப் பெயரும் இதே பூசபாடிதான்! எத்தனையோ நூறு மைல் தள்ளி இருக்கிற வேர், ஒரே ஒரு 'பி' எழுத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

* * *

இந்த இடத்தில் ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும்.

கமலை இறைக்க, சாலின் அடியில் தோலால் செய்த வால் வேண்டும். அந்தத் தோலைப் பதப்படுத்தித் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். அவர்கள் இல்லாமல் கரிசலில் ஒரு கிணற்றுத் தண்ணீர்கூட மேலே வந்திருக்காது. தென் மாவட்டங்களில் அவர்களில் பலருக்கும் வீட்டு மொழி தெலுங்குதான். நிலக்காரர் வீட்டிலும் தெலுங்கு, தோல் தைத்தவர் வீட்டிலும் தெலுங்கு. ஆனால், ஒரே மொழி பேசுகிறோமே என்று யாரும் யாரையும் வீட்டுக்குள் கூப்பிட்டு இலை போடவில்லை. தெரு வேறு, கிணறு வேறு, சுடுகாடும் வேறு.

மொழி ஜனங்களைச் சேர்க்கும் என்று மேடையில் பேசுகிறோம். சாதிச் சுவரை அது தாண்டவில்லை என்பதுதான் ஊர் சொல்லும் பாடம். கமலைகள் போய்விட்டன. தோல் வேலை போய், பலர் துப்புரவு வேலைக்குத் தள்ளப்பட்டார்கள். 2009-ல்தான் தமிழக அரசு அருந்ததியருக்கு 3 சதவிகித உள் ஒதுக்கீடு கொடுத்தது. நாயக்கர் காலத்துப் பெருமை பேசும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டால், அது சரித்திரம் ஆகாது.

* * *

'அப்படியானால் இவர்கள் மனசு எந்தப் பக்கம்? ஆந்திரா பக்கமா, தமிழ்நாடு பக்கமா?' என்று யாராவது கேட்கலாம். 'வந்தேறி' என்று ஒரு வார்த்தையைச் சிலர் வாயில் வைத்துக்கொண்டு அலைகிறார்களே... அவர்களுக்காகவே நடந்த மாதிரி ஒரு சம்பவம் உண்டு.

1949 ஏப்ரலில் குமாரசாமி ராஜா சென்னை ராஜதானியின் முதல்வர் ஆனார். இன்றைய தமிழ்நாடும் ஆந்திராவின் பெரும்பகுதியும் அப்போது ஒரே மாகாணம். தெலுங்கு பேசும் மாவட்டங்களைப் பிரித்துத் தனி மாநிலம் கேட்டுப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. எப்படிப் பிரிப்பது என்று முடிவு செய்ய அந்த வருஷம் ஒரு பிரிவினைக் குழு போட்டார்கள். தலைவர் யார்? நம் ராஜபாளையத்துக்காரர்!

குழுவில் ஒரு பக்கம் பிரகாசம், சஞ்சீவ ரெட்டி, கோபால ரெட்டி போன்ற ஆந்திரத் தலைவர்கள். இன்னொரு பக்கம் பக்தவத்சலம், டி.டி.கிருஷ்ணமாச்சாரி போன்றவர்கள். சண்டையின் உச்சம் சென்னை நகரம். புது மாநிலத்துக்குச் சென்னையில் இடம் வேண்டும் என்றார் பிரகாசம். பெரும்பான்மைக் கருத்து ஒத்துக்கொள்ளவில்லை. பிரகாசம் தனியாக மறுப்புக் குறிப்பு எழுதிவைத்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குமாரசாமி ராஜா, சென்னையை விட்டுக்கொடுக்காத பக்கம் நின்றார்!

1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் அவர் தோற்றுப்போனார். பதவி ராஜாஜிக்குப் போனது. அந்த வருஷம் டிசம்பரில் உண்ணாவிரதம் இருந்து பொட்டி ஸ்ரீராமுலு உயிரைக் கொடுக்க, 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தது. தலைநகரம் கர்நூல். சென்னை நம்மோடு நின்றது. பிறகு ஒரிசா கவர்னராக இருந்துவிட்டு, 1957-ல் குமாரசாமி ராஜா காலமானார். ராஜபாளையத்தில் அவர் கொடுத்த வீடுதான் காந்தி கலை மன்றம்.

அடுப்படி மொழி ஒன்று, ஊர் மொழி ஒன்று. ரெண்டுக்கும் விசுவாசமாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வேண்டும் என்றால் இன்னும் ரெண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் கி.ராஜநாராயணன். கோவில்பட்டி பக்கம் இடைசெவலில் பிறந்த கரிசல் விவசாயி. வீட்டு மொழி தெலுங்கு. தெற்கே குடிவந்த தெலுங்கு ஜனங்களின் கதையை 1976-ல் 'கோபல்ல கிராமம்' என்று தமிழ் நாவலாக எழுதினார். அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-ல் சாகித்திய அகாதமி விருது வாங்கியது. கரிசல் ஜனங்களின் பேச்சுத் தமிழுக்கு அகராதி தொகுத்தவரும் அவரே. தமிழ்ச் சொல் ஒன்று தொலைந்துவிடக் கூடாதே என்று ஊர் ஊராக மடியில் கட்டிச் சேர்த்தவர், வீட்டில் தெலுங்கு பேசினவர்! 2021-ல் அவர் மறைந்தபோது அரசு மரியாதையோடு அடக்கம் செய்தது தமிழகம்.

இன்னொருவர் ராஜபாளையத்திலேயே வாழ்ந்த மு.கு.ஜகந்நாத ராஜா. இவர் செய்தது இன்னும் சுவாரஸ்யம். விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் ஒரு காவியம் எழுதினார், தெலுங்கில். பெயர் 'ஆமுக்த மால்யதா'. கனவில் பெருமாள் வந்து, தெலுங்கில் பாடு என்று கேட்டாராம். கதாநாயகி யார் தெரியுமா? நம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள்! தமிழ்ப் பெண்ணின் கதையைத் தெலுங்கு ராஜா பாடினார். அந்தக் காவியத்தை, ஆண்டாள் கோயில் கோபுரத்துக்குச் சில மைல் தூரத்தில் இருந்த ஒரு தெலுங்கு வீட்டுப் பிள்ளை தமிழுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். அதற்காக 1989-க்கான சாகித்திய அகாதமி மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. ஆண்டாள் தெலுங்குச் சீமைக்குப் போய்விட்டு, கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷம் கழித்துப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

* * *

இப்படி ஐந்நூறு வருஷம் தாக்குப்பிடித்த மொழிக்கு இப்போது என்ன வந்தது?

1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா ஊரில் நூற்பாலை தொடங்கினார். ராஜபாளையம் மில்ஸ். பருத்தி விளைந்த ஊரில் நூலும் விளைய ஆரம்பித்தது. பிறகு மேலும் மேலும் மில்கள், சிமென்ட் கம்பெனி. பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி நெசவு. ஊர் வளர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் நகராட்சிக்குள் மட்டும் சுமார் 1,30,000 பேர். மில் ஷிப்டில் எல்லாச் சமூகத்தாரும் தோளோடு தோள் நின்றார்கள். அங்கே பொதுமொழி தமிழ். நல்லதுதானே!

கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் வந்தது. கமலை போனது. கமலையோடு வடம், சால், மாடு, அதை ஓட்டும்போது பாடும் பாட்டு, அத்தனைக்குமான வீட்டுச் சொற்களும் போயின. ஏருக்குப் பதில் டிராக்டர். 'நாகலி' என்று பேரனிடம் சொன்னால், அவன் எதைப் பார்த்துப் புரிந்துகொள்வான்? தோட்டங்கள் பிளாட் ஆகின்றன. பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, அமெரிக்கா என்று போய்விட்டார்கள். லீவுக்கு வருகிற பேரன் அவ்வாவிடம் தமிழில்கூடப் பேசுவதில்லை. இங்கிலீஷ்!

அதாவது, தெலுங்கைத் தமிழ் விழுங்கவில்லை. ஐந்நூறு வருஷம் ரெண்டும் ஒரே வீட்டில் ஒண்ணுமண்ணாக இருந்தன. வேலையும் தெருவும் மாறியபோதுதான் அதற்குக் கீழே இருந்த மண் நகர்ந்தது.

இதே கதை கடல் கடந்தும் நடந்திருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து கூலித் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு போன 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலும் அதற்குப் பின்னால் போன கப்பல்களிலும் தமிழர்கள் ஏராளம், தெலுங்கர்களும் உண்டு. அவர்களுடைய கொள்ளுப்பேரப் பிள்ளைகள் இன்றும் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். கோவிந்தர், பிள்ளை, நாயுடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால், பெரும்பாலான வீடுகளில் பேச்சு இங்கிலீஷ்தான். ஐந்தாறு தலைமுறைக்குள் மொழி போய்விட்டது.

ராஜபாளையத்தில் இருபது தலைமுறை நின்ற மொழி, டர்பனில் ஏன் நிற்கவில்லை? இங்கே வந்தவர்கள் கூட்டமாக வந்தார்கள், நிலம் பிடித்தார்கள், சேர்ந்து குடியிருந்தார்கள், தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். அங்கே போனவர்களை ஒப்பந்தம் போட்டு, கரும்புத் தோட்டம் தோட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். பிறகு பள்ளிக்கூடமும் வேலையும் இங்கிலீஷில் வந்தன. மொழி நிற்பதற்கு வீரம் தேவையில்லைங்க... பக்கத்து வீடு தேவை!

இப்போது ராஜபாளையத்துப் பிள்ளைகள் சிதறி வாழ ஆரம்பித்துவிட்டார்கள். அப்படிப் பார்த்தால் அவர்கள் போய்க்கொண்டிருப்பது டர்பன் ரூட்டில்தான். கொஞ்சம் யோசித்தால், அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்துகொண்டு, பிள்ளையிடம் 'ஈட் பண்ணு, ஸ்லீப் பண்ணு' என்று பேசுகிற தமிழ் வீடுகளும் அதே ரூட்டில்தான்! நாம் ஏழு கோடிப் பேர், நமக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பதில் பிரயோஜனம் இல்லை. மொழி கோடிக்கணக்கில் சாவதில்லை. ஒவ்வொரு வீடாகத்தான் அணைகிறது.

2011 கணக்கெடுப்பில், தாய்மொழி தெலுங்கு என்று சொன்னவர்கள் தமிழ்நாட்டில் சுமார் 42 லட்சம். நூற்றுக்கு ஆறு பேருக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் பக்கத்து வீட்டில், உங்கள் ஆபீஸில் நிச்சயம் ஒருவர் இருப்பார். இன்ஷியலுக்குள் ஒரு ஊரை ஒளித்துவைத்திருப்பார்.

பழைய மாதிரி சாதிக்குள்ளேயே கல்யாணம் கட்டி, தெருவுக்குச் சுவர் வைத்து இந்த மொழியைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டோம். அந்தச் சுவருக்கு மற்றவர்கள் கொடுத்த விலை அதிகம். சுவர் இடியட்டும். ஆனால், அந்தச் சுவருக்குள் ஐந்நூறு வருஷமாகச் சேர்ந்த சொற்களும் செங்கல்லோடு சேர்ந்து குப்பைக்குப் போக வேண்டுமா என்ன?

இதற்கு சர்க்காரையோ பல்கலைக்கழகத்தையோ எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கிற நீங்கள் அப்படி ஒரு வீட்டுப் பிள்ளையாக இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவ்வாவுக்கு ஒரு போன் போடுங்கள். கமலை வடத்துக்கு என்ன பேர், சாலுக்கு என்ன பேர், கோடையில் முதல் மழை பெய்து எழும் மண் வாசனைக்கு ஒரு வார்த்தை உண்டா என்று கேளுங்கள். தெலுங்கு எழுத்து தெரியவில்லையா? பரவாயில்லை. தமிழில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கணக்குப் புத்தகத்தை அப்படித்தானே எழுதினார்கள்!